பழைய கேசட்டை ஓட்டாத வீடியோ கேமரா: மாற்றித் தரக் கோரி

மதுரை
14.6.2004

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: தவறான தகவல் சொல்லி விற்கப்பட்ட டிஜிட்டல்8 கேமராவை மாற்றித் தருவது தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் தங்கள் மதுரைக் கிளையில் டிஜிட்டல்8 வகை (எட்டு எம்எம் அகல டேப்பில் டிஜிட்டல் முறையில் பதியும்) வீடியோ கேமரா ஒன்று வாங்கினேன். கேமராவில் பழுது எதுவும் இல்லை, படம் நன்றாகவே விழுகிறது. ஆனால் எந்த வேலைக்காக அதைக் கேட்டு வாங்கினேனோ அந்த வேலையை அது செய்யாது. செய்யும் என்று சொல்லி விற்றவர் தங்கள் விற்பனையாளர்.

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய வீடியோ8, ஹை8 எனும் பழைய எட்டு எம்எம் கேசட்டுகள் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்த கேமராவில் எடுத்தவை: தங்கை கல்யாணம், பிள்ளைகளின் காதுகுத்து, அப்பாவின் பணி ஓய்வு விழா. அந்தக் கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது. உதிரி பாகம் கிடைப்பதில்லை. மழைக்காலம் வந்தால் டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது. எனவே புதிய கேமரா முப்பதாயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இந்தக் கேசட்டுகளையும் ஓட்ட வேண்டும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை ஏற்ற வேண்டும் என்று கடைக்குள் நுழைந்ததுமே சொன்னேன்.

உள்ளபடி சொன்னால், பழைய கேசட்டுகள் இல்லாவிட்டால் நான் சின்ன டிஜிட்டல் கேசட் போடும் மினிடிவி (MiniDV) கேமராவைத்தான் எடுத்திருப்பேன். ஏறத்தாழ அதே விலை, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, கேசட்டும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இரண்டிலும் பதிவாவது டிவி (DV) எனும் ஒரே டிஜிட்டல் முறையில் என்பதால் படத்தின் தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. டிஜிட்டல்8 பருமனானது. டேப்பும் வேகமாக ஓடித் தீரும். 90 நிமிட ஹை8 கேசட்டில் 60 நிமிடம்தான் எடுக்கலாம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு அதை வாங்க ஒரே காரணம் பழைய கேசட்டுகள். 1999இல் இந்த வகை கேமரா சந்தைக்கு வந்தபோது அதன் பெருமையே பழைய கேசட்டுகளையும் ஓட்டும் என்பதுதானே!

பின்னால் வந்த, விலை குறைந்த சில மாடல்களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். தங்கள் விற்பனையாளர் என்னிடம் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு மாடல். "எட்டு எம்எம் எல்லாம் ஒண்ணுதான் சார், எது போட்டாலும் ஓடும்" என்றார். கேசட்டின் கூடு ஒரே அளவு என்பதால் உள்ளே போகத்தான் செய்கிறது. ஆனால் பழைய பதிவு அனலாக், இந்தக் கேமரா படிப்பது டிஜிட்டல் பதிவை மட்டும். திரையில் நீலம்தான் தெரிகிறது, சத்தமும் இல்லை. டிஜிட்டல்8 முறையில் பதிவானதை மட்டுமே ஓட்டும் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தக் கையேடு சீல் வைத்த பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாவது குறை கேபிள். யுஎஸ்பி கேபிள் இருக்கிறது, அதுவே போதும் என்றார். அதன் வழியே வருவது முழுத்தரப் படம் அல்ல, வெப்கேமில் தெரிவதுபோல் சின்னதாக, விட்டுவிட்டு ஓடும் படம். முழுத்தரத்தில் ஏற்ற ஃபயர்வயர் கேபிள் வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கான கார்டு வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 13 ஜிபி இடமும் வேண்டும். இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. (பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் நூற்றுக்கணக்கான மடங்கு ஜூமைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினார். லென்ஸ் உண்மையில் தருவது 20 மடங்கு. அது எல்லாக் கம்பெனியும் செய்வது, அதைப் புகாராக எழுதவில்லை.)

கிளை மேலாளரிடம் போனால், "சீல் உடைத்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார். சீலை உடைக்காமல் கேசட்டை எப்படிப் போட்டுப் பார்ப்பது? அதோடு, கேசட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சிடியில் போட்டுத் தரும் ஒருவரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். அப்படிச் செய்வதென்றால் நான் இந்தக் கேமராவை வாங்கியிருக்கவே வேண்டாம்.

பொருளுக்கு இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பழைய அனலாக் கேசட்டுகளையும் ஓட்டும் டிஜிட்டல்8 மாடலை மாற்றித் தாருங்கள். விலை வித்தியாசம் நியாயமாக இருந்தால் கட்டுகிறேன். அந்த மாடல் இருப்பில் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாளில் எழுத்துமூலமாகப் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுப்பேன்.

மாற்றித் தரும் கேமராவில், நான் கொண்டுவரும் பழைய கேசட் ஒன்றைக் கடையிலேயே போட்டு, படமும் சத்தமும் வருவதைப் பார்த்த பிறகே வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் விலைச்சீட்டில் உள்ளன)

இணைப்பு: விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, கையேட்டின் அந்தப் பக்கம் – மூன்றின் நகல்கள்.