பம்புக்கு முன் கேஜ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாருவது பற்றிய உங்கள் செய்தியில், இயந்திரம் பழுதானதால் நான்கு நாட்களாக வேலை நிற்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. பெரம்பலூர் பக்கம் முப்பது ஆண்டுகளாக, மண் அள்ளும் லோடர்களின் ஹைட்ராலிக் வேலை, அதாவது ஆயில் அழுத்தத்தால் பக்கெட்டைத் தூக்கும் பாகங்களின் வேலை மட்டுமே பார்ப்பவன் நான். படித்ததும், இந்நேரம் அங்கே யாரோ அந்த ஆயிலைத் தள்ளும் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றியது.

பக்கெட் எழவில்லையா, பம்ப் போய்விட்டது. எங்கள் தொழிலில் இது வேதவாக்கு. நானும் அதை ஓதியவன்தான். 1998இல் ஒரு கல் கிரஷரில் பழைய லோடர் ஒன்று நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம். பம்ப்தான் என்று அடித்துச் சொன்னேன். ஓனர் வீட்டு நகையை அடகு வைத்துப் புதுப் பம்ப் வாங்கினார். மாட்டினேன். அதே கூழாங்கல், அதே சத்தம்.

பிறகு திருச்சியிலிருந்து ஒரு வயதான மிஸ்திரி வந்தார். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஒன்றும் பேசாமல், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கிழிக்கச் சொன்னார். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்த ஹோஸ். உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் வேகம் ஏற ஏற அந்த நாக்கு வழியை அடைத்திருக்கிறது. ஆயில் கிடைக்காமல் பம்ப் வறண்டு கத்தியிருக்கிறது. ஓனர் என்னைத் திட்டவில்லை. மூன்று மாதம் எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு ஸ்பேனரைத் தொடுமுன் ஆபரேட்டரை ஓட்டச் சொல்லிவிட்டு நின்று பார்ப்பது என் வழக்கம். எல்லா லிவரும் மந்தமா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் பம்ப் பக்கம் போகவே வேண்டாம். பெரும்பாலும் அந்த அசைவைச் செய்யும் சிலிண்டரின் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), இல்லையென்றால் அதன் ஸ்பூல் (லிவரை இழுத்தால் ஆயிலுக்கு வழிவிடும் தண்டு). எல்லாமே மெதுவாக, ஆனால் முழு பாரத்தையும் தூக்குகிறது என்றால் ஆயில் வரத்து குறைவு: ஸ்ட்ரெய்னர் என்கிற வடிகட்டி, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் ஹோஸ், கடைசியாகத்தான் தேய்ந்த பம்ப். வெறும் பக்கெட் விறுவிறுவென்று எழுந்து, மண் அள்ளியதும் பாதியில் நின்றால் அழுத்தம் சேரவில்லை. அப்போது, அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைப் பிரித்துப் பாருங்கள். கிழிந்த சீலிலிருந்து வந்த மிளகளவு ரப்பர் துணுக்கு உட்கார்ந்திருந்தாலே போதும், வால்வு மூடாது.

அழுத்தத்தைக் காதால் கேட்க முடியாது. அதற்கு அழுத்தம் காட்டும் கேஜ் வேண்டும். கிளிசரின் நிரப்பிய 400 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கேஜ் ஒன்று, பம்பின் விலையோடு ஒப்பிட்டால் டீச்செலவு. அது இல்லாத பட்டறைகள் எத்தனையோ. அங்கே கேஜுக்குப் பதில் ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூவை இரண்டு சுற்று இறுக்கி அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். வண்டி அன்று மாலை தூக்கும், மறுநாள் ஹோஸ் வெடிக்கும். பழைய வண்டிகளிலேயே அழுத்தம் ஏறத்தாழ 200 பார். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. இதில் குத்துமதிப்புக்கு இடமேது?

ஆயில் பால் போல வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். சற்று நேரத்தில் தெளிந்தால் காற்று. சக்‌ஷன் பக்கம் எங்கோ கிளாம்ப் தளர்ந்திருக்கும். தெளியவே இல்லையென்றால் சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர். எங்கள் வீட்டில் அந்தக் கல்லை எனக்கே கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டார்கள்.

இளைஞர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக்கடி போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் உடனே இருக்காது. வலி வரும்வரை காத்திருந்து விரலை இழந்தவர் ஒருவர் எங்கள் பட்டறையிலேயே இருந்தார். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள், நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். தோலில் பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; சும்மா கட்டுப்போட்டு அனுப்பிவிடப் போகிறார்கள்.

கடைசியாக உங்களுக்கும் ஒன்று. செய்தியில் ‘பொக்லைன்’ என்று போட்டுவிட்டுப் படத்தில் முன்னால் பக்கெட்டும் பின்னால் கையும் உள்ள மஞ்சள் வண்டியைப் போட்டிருக்கிறீர்கள். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயரில் இங்கே வந்தவை மேல்பாகம் சுழலும் எக்ஸ்கவேட்டர்கள். ஊரே ஜேசிபி என்றழைக்கும் வண்டிதான் உங்கள் படத்தில் இருப்பது. அதுவும் ஒரு கம்பெனியின் பெயர்தான் என்றாலும், போன் செய்து பொக்லைன் நின்றுவிட்டது என்கிறார்களே, எந்த வண்டிக்கான சீல் கிட்டை எடுத்துக்கொண்டு நான் கிளம்புவது?

இப்படிக்கு,
ஹைட்ராலிக் மெக்கானிக் ஒருவன்,
பெரம்பலூர்.