பண்டிகையைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைநாளில் வரும் பண்டிகையை அடுத்த சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடும், கடவுள் கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் கேட்டிருந்தார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், சரி. பண்டிகை கடவுளுக்கும் தனி ஆளுக்கும் இடையிலான விஷயம் மட்டும் என்றால் அந்தக் கேள்வியோடு நானும் இந்தக் கடிதத்தை நிறுத்திக்கொள்வேன்.

எங்கள் குடியிருப்பில் மூன்று வருடமாக இந்த வழக்கம்தான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஓட்டெடுப்பு வைப்பார்கள், எப்போதும் சனிக்கிழமைதான் ஜெயிக்கும். போன முறை பண்டிகை செவ்வாயன்று வந்தது, கொண்டாட்டம் சனிக்கிழமை. நன்றாகவே நடந்தது, குறை சொல்ல மாட்டேன்; பிள்ளைகள் ஆடினார்கள், மைக் வழக்கம்போலக் கத்தியது, ஒன்பது மணிக்கெல்லாம் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டோம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் செவ்வாய்தான். அலுவலகத்திலிருந்து தோளில் லேப்டாப் பையோடு வருகிறேன், கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், உடம்பில் புதுத்துணி, அதில் மடிப்புக் கோடுகூட இன்னும் போகவில்லை. "இன்னைக்குத்தானேப்பா?" என்று கேட்டார். "இன்னைக்குத்தான் பாட்டி" என்றேன். காலையிலிருந்து யாரும் வராததால் தான்தான் நாளை மாற்றிவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் பக்கம் தப்பே இல்லை, நாங்கள் ஐம்பது வீடும் சேர்ந்து அவர் காலண்டரைப் பொய்யாக்கிவிட்டோம்.

இதைப் பெரிய அளவில், அதுவும் வேண்டுமென்றே செய்து பார்த்த ஒரு நாடு இருந்தது. 1929-இல் சோவியத் யூனியன் ஏழு நாள் வாரத்தைத் தூக்கிவிட்டு ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நிறம் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு நாளில் ஓய்வு. இயந்திரம் ஒருநாளும் நிற்காது, ஞாயிற்றுக்கிழமை வழிபாடும் தானாகவே ஒழிந்துபோகும் என்பது கணக்கு. கவனியுங்கள், தொழிலாளிக்கு இதில் ஓய்வு கூடத்தான் கூடியது, ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்தது ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தது. ஆனாலும் ஒரே முணுமுணுப்பு. புருஷனுக்கு இன்று லீவு, மனைவிக்கு நாளை, பிள்ளைக்கு மறுநாள், வெறும் வீட்டில் உட்கார்ந்து ஓய்வெடுத்து என்ன செய்வது? 1931-இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்கு இறங்கி வந்தார்கள், 1940-இல் பழைய ஏழு நாளுக்கே திரும்பினார்கள். (பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் பத்து நாள் வாரமும் இதேபோல நிலைக்காமல் போனதுதான்.)

லீவு என்பது தனி ஆளுக்குக் கிடைப்பது. பண்டிகைக்கு அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே நாள் காலியாக இருக்க வேண்டும்.

ரமலான் முடிவில் கொடுக்கும் ஃபித்ரா தர்மத்தைப் பாருங்கள். பெருநாள் தொழுகைக்கு முன்பே அது ஏழையின் கைக்குப் போய்விட வேண்டும். தொழுகை முடிந்தபின் கொடுத்தால் அது சாதாரண தர்மக் கணக்கில்தான் சேரும். அதே தானியம், அதே பணம், சில மணி நேரம் தள்ளிப்போனால் பெயரே மாறிவிடுகிறது. எனக்குச் சமீபத்தில்தான் இதன் அர்த்தம் உறைத்தது: வயிறு எந்த நாளிலும் நிறையலாம், ஆனால் ஊரே உண்ணும் நாளில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தால் அது வேறு மாதிரிப் பசி. யூதர்களும் பூரிம் பண்டிகையன்று ஏழைகளுக்குக் கொடுப்பதை அந்த நாளிலேயே கொடுக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சௌகரியப்படும் என்று இதைத் தள்ளிப் பாருங்கள் பார்ப்போம்.

கொரோனா வந்த 2020-ஐயும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அதற்கு முந்தைய வருடம் ஏறத்தாழ 25 லட்சம் பேர் போன ஹஜ், அந்த வருடம் சவூதிக்குள்ளேயே இருந்த மிகச் சில பேரோடு நடந்தது. ஈஸ்டர் காலியான தேவாலயங்களில் நடந்தது. கூட்டத்தை விட்டார்கள், இடத்தை விட்டார்கள், பயணத்தை விட்டார்கள், நிலைமை சரியானதும் நாலு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஹஜ்ஜையோ ஈஸ்டரையோ தள்ளிவைக்கவில்லை.

மதங்களே தேதியை நகர்த்தவில்லையா என்று கேட்பீர்கள். நகர்த்தியிருக்கின்றன. யோம் கிப்பூர் நோன்பு வெள்ளியிலோ ஞாயிறிலோ விழாதபடி யூதர்கள் காலண்டரையே திருத்தி வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய சனிக்கிழமை ஓய்வு நாளும் நோன்பு நாளும் அடுத்தடுத்து வந்தால் திண்டாட்டம் என்பதால். இயேசு விண்ணேற்றப் பெருவிழா ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாளான வியாழனுக்குரியது, பல நாடுகளில் கத்தோலிக்கர்கள் அதை ஞாயிறுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் நகர்ந்தபோது எல்லாரும் ஒன்றாக நகர்ந்தார்கள், பாட்டி மட்டும் பழைய தேதியில் நிற்கவில்லை. ஈஸ்டர் என்றைக்கு என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய சண்டை, கி.பி. 325-இல் ஆயர்களின் நிகேயா சங்கம் கூடிப் பேசிய பிறகும் முழுசாகத் தீரவில்லை, கிழக்குத் திருச்சபைகளும் மேற்குத் திருச்சபைகளும் இன்றும் பெரும்பாலும் வேறு வேறு ஞாயிறில்தான் கொண்டாடுகின்றன. 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20-இல் சேர்ந்து வந்ததே ஒரு செய்தியாகிவிட்டது. பிறை தெரிந்ததா இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் நடக்கும் வாக்குவாதமும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரே நாளில் எல்லாரும் சேர வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்கள் தேதிக்காக ஏன் மல்லுக்கு நிற்கப்போகிறார்கள்?

லீவே கிடைக்காதவர்களை நான் குறை சொல்லவில்லை. இரவுப் பணி செவிலியர், பேருந்து ஓட்டுபவர், தன் பண்டிகைக்கு விடுமுறையே இல்லாத நாட்டில் பிழைக்கப் போனவர் எல்லாம் சனிக்கிழமைக்குத்தான் தள்ளியாக வேண்டும், அது அவர்கள் பண்டிகையைக் காப்பாற்றும் வழி. என் கோபம் லீவு எடுக்க முடிந்தும் எடுக்காத என்னைப் போன்றவர்கள் மேல்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை என் கணக்கில் பதினோரு நாள் லீவு சும்மா கிடந்தது.

அடுத்த பண்டிகை புதன்கிழமை வருகிறது. பெரிய நிகழ்ச்சி எதுவும் வேண்டாம், புதன் மாலை ஆறு மணிக்குக் கீழே ஒரு அரை மணி நேரம் கூடுவோம், பாட்டுப் போட்டியைச் சனிக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சங்கச் செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். அரைநாள் லீவுக்கும் சொல்லிவிட்டேன். செயலாளர் இன்னும் பதில் போடவில்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. பாட்டியிடம் நேரிலேயே சொல்லியாகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்