சம்பள ஹைக் வந்தும் புலம்புற மாப்ளைக்கு

மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, ஷிப்மென்ட் நேரம்ங்கறதால இன்னைக்குத்தான் உக்காந்து முழுசா படிச்சேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? சம்பளம் ஏத்திக் குடுத்தும் காலைல ஆபீஸ் போகக் காலே வரமாட்டேங்குதுன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதும் நம்ம எம்பிஏ நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. மனுசனோட தேவைங்கள படிப்படியா அடுக்கற மாஸ்லோ முக்கோணத்த கலர் கலரா வரைஞ்சு மார்க் வாங்குனோமே, அவரு 1943ல எழுதுன கட்டுரைல முக்கோணமே கிடையாதாம், பின்னாடி வந்தவங்க வரைஞ்சதாம். நாம படிச்ச லட்சணம்.

இப்ப எனக்கு ஒதவுறது ஹெர்ஸ்பெர்க்ங்கற சைக்காலஜிஸ்ட்டுதான். அமெரிக்கால பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு 200 இன்ஜினியர், அக்கவுன்டன்ட்ங்ககிட்ட வேலைல எப்ப ரொம்ப சந்தோசமா இருந்த, எப்ப வெறுத்துப் போனன்னு கேட்டு 1959ல புக்கு போட்டாருல்ல. வெறுத்ததுக்குக் காரணம் கம்பெனி ரூல்ஸ், சூப்பர்வைசர், இந்த மாதிரி, சம்பளத்தையும் அந்தப் பக்கந்தான் சேத்தாரு. சந்தோசத்துக்குக் காரணம் வேலைய முடிச்சது, நாலு பேரு பாராட்டுனது, பொறுப்பு குடுத்தது. கொறைய சரி பண்ணா பொலம்பல் நிக்கும், அவ்வளவுதான், அதுக்காக ஆர்வம் வந்துடாது. (நல்லது நடந்தா நான், கெட்டது நடந்தா கம்பெனின்னுதான எவனும் சொல்லுவான்னு அவர திட்டுனவங்களும் உண்டு, அதுவும் ஞாயந்தான்.)

நம்ம திருப்பூர் யூனிட்லயே பாத்துட்டேன். ஃபேன் மாத்துனோம், பாத்ரூம் சரி பண்ணோம், ஷிஃப்ட்டுக்கு 50 ரூவா ஏத்துனோம். டீ டைம்ல பொலம்பல் நின்னுச்சு, ப்ரொடக்‌ஷன் அதே எடத்துல நிக்குது.

அப்பறம் ஒரு கூத்து. காலர் அட்டாச் பண்ற பழைய டெய்லர் ஒருத்தரு, மணிக்கு 50 பீஸ் அசால்ட்டா ஓட்டறவரு, திடீர்னு 35க்கு எறங்கிட்டாரு. மிசின் ரிப்பேரான்னு மெக்கானிக்க விட்டுப் பாத்தேன், ஒண்ணுமில்ல. கண்ணு தெரியலையோன்னு கூட நெனச்சேன், கடைசில அவரையே கேட்டா நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டே, "புதுப் பையனுக்கு எனக்குக் குடுக்கற ஷிஃப்ட் ரேட்டே குடுக்கறீங்க, அதான் நானும் அவன் ஓட்டற அளவுக்கே ஓட்டறேனுங்க"ன்னாரு. எனக்கு சுருக்குன்னுச்சு. தீவாளிக்கு ஊருக்குப் போனவங்க பாதிப்பேரு திரும்பல, ஆள் கெடைக்காத அவசரத்துல நாந்தான் அந்தப் பையன அந்த ரேட்டுக்கு எடுத்தேன். ஆடம்ஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் 1963ல ஈக்விட்டி தியரின்னு எழுதுனது இதத்தான், மனுசன் தன் கூலிய மட்டும் எண்ணமாட்டான், பக்கத்து மிசின்காரன் உழைப்பையும் கூலியையும் சேத்து எடை போடுவான், தராசு தனக்கு நட்டமா சாஞ்சா தன் உழைப்பக் கொறச்சாவது நேராக்கிக்குவான். தியரி படிக்காமயே அண்ணன் கரெக்டா 35ல நிறுத்திட்டாரு பாரு.

ரேட்ட சரி பண்ணேன், 50க்கு வந்துட்டாரு, அதுக்கு மேல இல்ல. போன மாசம் சாம்பிள் தைக்கறத அவர்கிட்ட விட்டேன், இப்ப மதியம் சாப்பாட்ட மறந்துட்டு ப்ளாக்கெட்ட, அதான் பட்டன் பட்டிய, முன்னாடி போடலாமா பின்னாடி போடலாமான்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாரு. இது எத்தன நாளைக்கோ தெரியல.

சரி, உன் மெயில திரும்பப் படிச்சுப் பாரு மாப்ள. ஹைக் பத்தி ஒரே வரி, புதுசா சேந்த அந்தப் பக்கத்து சீட்டுப் பையன் பத்தி மூணு எடத்துல எழுதியிருக்க. அவனுக்கு எவ்வளவு குடுக்கறாங்க?

ஞாயித்துக்கெழம போன் பண்றேன்.

உன்
பழைய ரூம்மேட்