லீட்ஸிலிருந்து அம்மாவுக்கு

லீட்ஸ், இங்கிலாந்து,
டிசம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தவறாமல் போடு. போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே இப்போது மூன்றே முக்கால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. காலை ஏழரைக்கு வார்டுக்குள் போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருகிறேன். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. போன குளிர்காலம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நார்தாம்ப்டனில் எழுதிய ஓஸ்கி தேர்வில் (வெளிநாட்டு நர்சுகள் இங்கே வேலை பார்க்க எழுதும் செய்முறைத் தேர்வு) பத்து ஸ்டேஷனில், அதாவது பத்துப் பகுதிகளில், இரண்டு போய்விட்டது. திரும்ப எழுதித்தான் பாஸானேன். நீ கவலைப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை. மதுரையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒன்றுமே தெரியாதோ என்று தினமும் அழுதேன்.

அப்போதுதான் கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். தூங்கும் முன் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும், பக்கத்திலேயே அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டிருக்கிறது. ஒரு வாரம் எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்ததாம்.

முதலில் மழை இல்லை, பஸ் நேரத்துக்கு வந்தது என்று கடனுக்கு எழுதினேன். அந்த 'ஏன்'தான் என்னை மாற்றியது. வார்டில் ஒரு தாத்தா இருந்தார், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மறதி நோய். நான்கு நாளாக எதையும் குடிக்க மறுத்தார். ஐந்தாம் நாள் நான் கொடுத்த டீயை முழுதாகக் குடித்துவிட்டு 'டா' என்றார். நம் ஊர் 'டா' இல்லை அம்மா, இங்கே 'டா' என்றால் நன்றி! அன்று இரவு ஏன் குடித்தார் என்று யோசித்தேன். ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் பெண் அவர் மகளிடம் விசாரித்து, பால் கொஞ்சம், சர்க்கரை மூன்று ஸ்பூன் என்று கட்டிலருகே எழுதி ஒட்டியிருந்தாள். நான் அதைப் பார்த்துத்தான் போட்டேன். மறுநாள் அவளிடம் போய்ச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் இப்படி யாரும் வந்து சொன்னதில்லை என்று கண் கலங்கிவிட்டாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஒரு நைட் டியூட்டியில் இருபத்தெட்டு நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டே நர்ஸ். படுத்தே கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கக்கூட முடியவில்லை. மேலதிகாரிகளிடம் சொன்னால் "பாசிட்டிவாக இருங்கள்" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. நல்லதுக்கு நன்றி சொல்வது வேறு, குறையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. அன்றே நடந்த குறையைப் பதிவு செய்யும் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன். என் நோட்டில் அன்றைக்கு முதல் வரியே அந்த ரிப்போர்ட்தான். ஏன் எழுத முடிந்தது? பிலிப்பைன்ஸ் அக்கா கூடவே உட்கார்ந்திருந்தார்.

அம்மா, இதை எழுதும்போதெல்லாம் உன் டைரி ஞாபகம் வருகிறது. ஊரே உன்னை நர்சம்மா என்று கூப்பிட்ட காலத்தில், சப் சென்டர் ரெஜிஸ்டரை முடித்த பிறகும் வீட்டில் தனியாக ஒரு டைரி எழுதுவாயே. பிரசவம் ஒவ்வொன்றுக்கும் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதி, யார் வண்டி கொடுத்தார்கள், ராத்திரியில் யார் டார்ச் பிடித்துக் கூட வந்தார்கள் என்றும் குறித்திருப்பாய். அரசாங்கம் கேட்காததை ஏன் எழுதுகிறாய் என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். நீ பதில் சொல்லாமல் சிரித்தாய்.

அந்த டைரிகள் பரணில் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். நீ ஏறாதே, தம்பியை எடுக்கச் சொல். நான் பிறந்த வருஷத்து டைரியில் நாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். லீவு நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பேன்.

உன் அன்பு மகள்