பெண் என்பதால்தான் தோற்றாரா?

ஆசிரியருக்கு,

2024 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் கமலா ஹாரிஸ் பெண் என்பதால்தான் தோற்றார் என்று யாழ்ப்பாணத்திலும் பலர் கதைக்கிறார்கள். அது பாதிதான் சரி. 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கு டிரம்பை விட ஏறக்குறைய 29 இலட்சம் வாக்குகள் கூடக் கிடைத்தன, அவரைத் தோற்கடித்தது மாநிலவாரியாக எண்ணும் முறை. பைடனின் உப ஜனாதிபதியாக இருந்த கமலாவோ 2024 ஜூலையில் அவர் போட்டியிலிருந்து விலகிய பிறகு, விலைவாசி மீது சனத்துக்கு இருந்த கோபம் முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு மூன்றரை மாதத்தில் பிரசாரம் செய்து முடிக்க வேண்டியிருந்தது. ஆண் என்றாலும் கஷ்டம்தான்.

அதற்காக ஆணாதிக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கமலாவின் சிரிப்பை ஆராய்ந்ததுபோல் எந்த ஆண் வேட்பாளரின் சிரிப்பை ஆராய்ந்தார்கள்?

எங்கள் நாட்டைப் பாருங்கள். 1994 ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகா 62 சதவீத வாக்கோடு வென்றார், எதிரே நின்ற ஸ்ரீமா திசாநாயக்கவும் பெண் (இருவருமே கொல்லப்பட்ட அரசியல்வாதிகளின் மனைவிமார், குடும்பப் பெயரோடு வந்தவர்கள் என்பது வேறு கதை). முப்பது வருடம் கழித்து, 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்புமனு ஏற்கப்பட்ட 39 பேரில் ஒரு பெண்கூட இல்லை. தகுதியானவர்கள் இல்லையா, இல்லை கட்சிகள் தேடவே இல்லையா? தமிழ்க் கட்சிகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வாசகி ஒருவர்,
கொக்குவில்.