திறந்தால் இருட்டு, மூடினால் வெளிச்சம்: ஸ்லைடர் போன் பற்றி ஒரு புகார்

நாள்: 12.10.2009
இடம்: திருப்பூர்

அனுப்புநர்: (பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன)

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: ஸ்லைடர் போனில் திரைக் கோளாறு; வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் கம்பெனியின் ஸ்லைடர் போன் (திரையுள்ள மேல் பாதியைத் தள்ளினால் சறுக்கித் திறக்கும் போன்) ஒன்றைக் கடந்த பிப்ரவரியில், இங்கே குமரன் ரோட்டிலுள்ள கடையில் 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு மாதம்தான் ஆகிறது. இப்போது போனைத் திறந்தால் திரை கறுத்துவிடுகிறது, மூடினால் படம் வருகிறது. நம்பர் அடிக்கும் பட்டன்கள் உள்ளே இருப்பதால் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் என்ன அடிக்கிறேன் என்று தெரியாது. விரல் கணக்கில் குருட்டாம்போக்காகப் பத்து எண்களையும் அடித்துவிட்டு, சரிதானா என்று பார்க்க மூடினால், அடித்தது அத்தனையும் அழிந்துவிடுகிறது.

ஒரு நாள் லீவு போட்டுக் கோவையிலுள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்ல மாதிரி. போனைப் பிரித்து எனக்கே காட்டினார். மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைப்பது ஒரே ஒரு நாடா. பழைய போட்டோ பிலிம் மாதிரி மெல்லிசு, டீ நிறம். போனைத் திறக்கும்போதும் மூடும்போதும் அதுதான் மடங்கி விரிகிறது. மடிப்பு விழும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். "ஸ்ட்ரிப் போயிடுச்சு சார். நீங்க ரொம்ப ஓப்பன் பண்ணி ஓப்பன் பண்ணி மூடியிருக்கீங்க" என்றார். ஸ்லைடர் போனை வேறு என்ன செய்வதாம்? வாரண்டி கிடையாது, 1,650 ரூபாய் ஆகும் என்று சொல்லி, ஜாப் ஷீட்டில் 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போன் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை, தண்ணீர் பட்டதில்லை. உறையில் ஒரு கீறல் இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதை நான் அழகுக்காகத்தான் வாங்கினேன். கடைக்காரர் அன்று இரண்டு போன்களை எடுத்து வைத்தார், இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. மற்றது திறக்க, மூட எதுவுமில்லாத சாதாரணக் கட்டை போன். ஆனால் கேமரா 3 மெகாபிக்சல், எந்த ஹெட்போனும் பொருந்தும், மெமரி கார்டைப் பக்கவாட்டிலேயே செருகலாம். உங்களுடையதில் கேமரா 2 மெகாபிக்சல், ஹெட்போனுக்குத் தனிப் பின், கார்டு போட பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஆனாலும் கட்டை விரலால் மெல்லத் தள்ளியதும் பாதி தூரத்தில் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டு 'டக்' என்று திறந்தது பாருங்கள், அங்கேயே விழுந்துவிட்டேன். கவுண்டரில் நின்றபடி பத்துத் தடவையாவது தள்ளிப் பார்த்திருப்பேன். "பவுடர் டப்பா மாதிரி இருக்குதுங்க, வேலைக்குக் கொண்டு போறதுக்கு அந்த இன்னொண்ணே தேவலைங்க" என்று மனைவி சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

ஆகவே கேமராவைப் பற்றிப் புகார் சொல்ல வரவில்லை. குறைவு என்று தெரிந்துதான் வாங்கினேன். (ஹெட்போன் ஒயர் நாலாம் மாதம் அறுந்ததும், அது தனியாக எங்கும் கிடைக்காததும், ஒயர் இல்லாமல் எஃப்.எம். பாடாது என்பதும் வேறு கதை.) மற்ற வசதிகளை விட்டுக்கொடுத்து எந்த ஒன்றுக்காகக் காசு கொடுத்தேனோ, அந்தச் சறுக்குதான் கெட்டுப் போயிருக்கிறது. ஸ்லைடர் போனில் அந்தச் சறுக்கே அழகு, அதுவே வசதி. அது போனால் கையில் மிஞ்சுவது என்ன?

ஸ்லைடர் ஒன்றும் நேற்று வந்த சரக்கு அல்ல. சீமென்ஸ் 1999-லேயே கொண்டு வந்துவிட்டது. நோக்கியா என்95-ஐ மேலே தள்ளினால் நம்பர் பட்டன், கீழே தள்ளினால் பாட்டுக்கான பட்டன். அதில் சறுக்குக்கு என்று ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். உங்கள் போனில் சறுக்குக்கு இருக்கும் ஒரே கூடுதல் வேலை, வருகிற அழைப்பைத் திறந்தவுடன் தானாக எடுத்துவிடுவது. அது வேண்டாம் என்று நிறுத்தி வைக்க செட்டிங்கில் எங்கும் இடமில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

அதனால் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் மாதத்திலேயே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நான் வேலை செய்வது பனியன் கம்பெனியில். போன் சட்டைப் பையில் இருந்தது. கட்டிங் பண்டில் ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். மிஷின் சத்தத்தில் மணி அடித்தது கேட்கவில்லை. குனிந்த வாக்கில் போன் தானாகச் சறுக்கித் திறந்து அழைப்பை எடுத்துக்கொண்டது. நான் டைலரிடம், "அவருக்கு வியாழக்கிழமைன்னு சொல்லி வெச்சிருக்கேன், சனிக்கிழமை கொடுத்தாப் போதும், அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். லைனில் இருந்தது அந்த 'அவர்'தான், எங்களிடம் சரக்கு எடுக்கும் பையிங் ஆபீஸ்காரர். வியாழன் காலை எட்டு மணிக்கே வாசலில் ஆள் வந்து நின்றுவிட்டார்.

அப்புறம் பஞ்சு. எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். போன் சறுக்கும் இரண்டு பள்ளங்களிலும் அது போய் அடைந்துகொள்ளும். வாரம் ஒருமுறை சேப்டி பின் நுனியால் சுரண்டினால் நூல் நூலாக வரும், சிவப்புத் துணி ஓடுகிற வாரத்தில் சிவப்பாகவே வரும். அப்பா வைத்திருப்பது நோக்கியா 1100. அதில் பட்டன்கள் மேல் ஒரே ரப்பர் உறை போர்த்தியிருக்கிறது, தூசி நுழைய வழி இல்லை. டார்ச் வேறு. அந்த போனை யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தூசியுள்ள ஊரில் இதைப் பயன்படுத்துவார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உங்கள் போனை வரைந்தவர் ஏசி அறையை விட்டு வெளியே வந்திருக்கமாட்டார் போலிருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு வருட வாரண்டிக்குள் கெட்டுப்போன ஸ்ட்ரிப்பையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுங்கள். ஜாப் ஷீட்டில் என் மேல் போட்ட பழியை எடுத்துவிடுங்கள். திறந்தால் அழைப்பை எடுக்கும் வசதியை வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ளும்படி சாஃப்ட்வேரில் ஒரு வழி செய்யுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட மன்றத்துக்குப் போவேன். அதற்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

டோல் ஃப்ரீ நம்பரில் பேசிய பெண், பழையதைக் கொடுத்துவிட்டுக் கூடப் பணம் கட்டி வேறு கட்டை மாடல் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம். எனக்கு இதே போன்தான் வேண்டும். மேஜை மேல் சும்மா கிடக்கும்போதும் கை தானாகப் போய் ஒரு தடவை தள்ளிப் பார்க்கிறது.

தற்சமயம் என் சிம் அப்பாவின் போனில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அழைத்தால் அவர்தான் எடுப்பார். கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், வாரண்டி அட்டை நகல், ஜாப் ஷீட் நகல்