அளவு நோட்டு

அன்பு மகள் கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ இன்ஸ்புருக்கிலிருந்து பேசிவிட்டு வைத்ததும் அப்பா தூங்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சுவரேறும் போட்டியில் அரையிறுதியோடு நீ வெளியேறியதால் அல்ல. தோற்றுவிட்டு வந்து நீ பேசியதை எத்தனையோ முறை கேட்டவள் நான். பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய்: "இரண்டு கிலோ குறைந்திருந்தால் அந்த மூன்றாவது ப்ராப்ளத்தை முடித்திருப்பேன், அம்மா." அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

(சுவரில் ஏற வேண்டிய பாதைக்கு 'ப்ராப்ளம்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. வீட்டில் வேறு ப்ராப்ளமே இல்லாதவன் போலிருக்கிறது.)

இதே இரண்டு கிலோவை 2017இல் உன் பயிற்சியாளர் வாயிலிருந்து கேட்டேன். நீ தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. பயிற்சி முடிந்து உன்னை அழைத்துப் போக வந்த என்னிடம் அவர் தனியாகச் சொன்னார், உனக்குத் தெரியாது. "திறமை இருக்கிறது, உடம்புதான் கனம். வீட்டில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." எனக்கு அது நியாயமாகவே பட்டது. நீ ஏறுகிற இந்த போல்டரிங்கில் கயிறு கிடையாது, உன் முழுப் பாரமும் விரல் நுனியில் நிற்கிறது. பாரம் குறைந்தால் விரலுக்குச் சுலபம் என்பது தையற்காரிக்குக்கூடப் புரியும் கணக்கு. மறுநாளே சோற்றுக் கரண்டியை மாற்றினேன். சிறிய கரண்டி. நான்கு இட்லி இரண்டாயிற்று. நீ மறுசோறு கேட்டால் ரசத்தை ஊற்றினேன். "பசிக்கிறதா?" என்று கேட்பதையே நிறுத்திக்கொண்டேன். ஆமாம் என்று நீ சொன்னால் என்ன செய்வது?

அந்தத் தீபாவளிக்கு முறுக்கு டப்பாவை அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தது நான்தான். ஒட்டுப்பலகையில் திருகிய ஒரு விரற்கடைப் பிடியில் தொங்கி நான்கு மீட்டர்ச் சுவரை ஏறுகிற பெண் நீ. அந்த அலமாரி உனக்கு ஒரு எட்டு. நீ எடுக்கவே இல்லை. பத்து நாள் கழித்து நான் இறக்கியபோது டப்பா நிறைய அப்படியே இருந்தது. என் பெண்ணுக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்தேன்.

முதல் சில மாதம் அவர் சொன்னது பலித்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் முதலிடம் வந்தாய். நானும் இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

தேக்கா சந்தை மாடியில் முப்பது ஆண்டாக முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தவள் நான். ஒருத்தி மாசமாக இருந்தால் அவள் சொல்லும் முன் நாடா எனக்குச் சொல்லிவிடும். என் அளவு நோட்டில் 2016 தீபாவளிக்கு உன் பெயரில் ஒரு பக்கம், 2017க்கு ஒரு பக்கம். நேற்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மார்பு, இடுப்பு, மேற்கை எல்லாம் இறங்கியிருக்கின்றன. புது ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்த ஞாபகம்கூட இருக்கிறது. குளியலறை அலமாரியில் உனக்கு வாங்கி வைத்த நாப்கின் பொட்டலம் ஏழு மாதம் பிரிக்கப்படாமல் கிடந்தது. பார்த்தேன். போட்டி நேரத்தில் தொந்தரவு இல்லாமல் போயிற்று என்று நினைத்தேன், கயல். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது?

எடையைக் குறைக்க அவர் ஓடச் சொன்னார். கால் எலும்பில் கீறல் விழுந்தது. பலதுறை மருந்தகத்தில் முதலில் சுளுக்கு என்றார்கள். பிறகு எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் காலைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியாக எப்போது தூரமானாய் என்றுதான் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன்.

உழைப்புக்குத் தக்க சாப்பாடு இல்லாதபோது உடம்பு இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்வதற்கு ரெட்-எஸ் என்று பெயராம். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இலேயே அந்தப் பெயரை வைத்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்தும் அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எனக்கு இது தையலில்தான் விளங்கியது. துணி போதாவிட்டால் நாங்கள் முதலில் லைனிங்கில் கைவைப்போம். வெளியே யாருக்கும் தெரியாது. உடம்பும் அப்படித்தான் செய்கிறது. முதலில் மாதவிலக்கு, அதோடு ஹார்மோன் சுரப்பு குறைந்து எலும்பு. மேலுக்குப் பார்த்தால் பெண் ஒல்லியாக, அழகாக ஏறிக்கொண்டிருப்பாள்.

உன் விளையாட்டின் பன்னாட்டுக் கூட்டமைப்புக்கும் இது தெரியாத விஷயமில்லை. 2023இல் அதன் மருத்துவக் குழுவிலிருந்து ஃபோல்கர் ஷோஃபல் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முன்னிட்டே விலகினார். அதே ஆண்டு யான்யா கார்ன்பிரெட்டும் வெளிப்படையாகப் பேசினாள். 2019இல் ஆறு போல்டரிங் உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆறையும் வென்றவள், டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வாங்கியவள் பேசினால்தான் காது கேட்கும் போலிருக்கிறது. 2024இல் விதிகளும் வந்தன. வந்து என்ன, அந்த இரண்டு கிலோ உன் வாயிலேயே வந்து உட்கார்ந்துவிட்டதே.

லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்தான் உன்னை இப்படிப் பேச வைக்கிறது என்று அப்பா சொல்கிறார். டோக்கியோவில் போல்டரிங், கயிற்றேற்றம், வேக ஏற்றம் என்று மூன்று பிரிவையும் ஒன்றாகக் கட்டினார்கள், பாரிஸில் கயிற்றேற்றத்தோடு சேர்த்தார்கள், 2028இல்தான் போல்டரிங்குக்கென்று தனிப் பதக்கம். வேகமாக ஏற வராத, கயிற்றில் மூச்சு வாங்குகிற உன்னைப் போன்றவளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று எனக்குப் புரியாமலில்லை. வேலையை விடு, வீட்டுக்கு வா என்று நான் எழுதவில்லை. ஷூ கம்பெனி தருவது வாடகைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது என்றாய்; அதுவும் ஒரு பிழைப்புதான், நான் நடத்தாத பிழைப்பா?

அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் பயப்படுகிறேன். உன் சனிக்கிழமை வகுப்பில் பதினேழு வயதில் ஒருத்தி இருப்பாள். நீ சிரித்துக்கொண்டு சொல்வதை அவள் சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள். அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள், சிறிய கரண்டியோடு.

கரண்டியை மாற்றியதை உன்னிடம் இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தாயா? தெரிந்திருந்தால் சொல், கோபித்துக்கொள், எட்டு வருடக் கோபத்தைச் சேர்த்துக் கோபித்துக்கொள். தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள். தப்பு என் கையிலிருந்து நடந்தது, நீயாகக் கட்டுப்பாடாக இருந்ததால் அல்ல.

போன மாதம் உன் போட்டியைப் பார்த்தபோது இரண்டு கையாலும் உச்சிப் பிடியைப் பிடித்து நீ நின்றாயே, ஒரு கை பட்டாலே போதாதா என்று அப்பாவிடம் கேட்டேன். இரண்டு கையும் நிலைத்தால்தான் டாப் என்றார். அவர் இப்போது பெரிய நிபுணர். டெய்ரி ஃபார்ம் கல்லுக்குழிப் பக்கம் நடக்கப் போனால் நின்று பாறையை ஆராய்கிறார். "கயல் இதில் எப்படி ஏறுவாள் தெரியுமா?" என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் கை காட்டுகிறார். எனக்கு மானம் போகிறது.

தையில் சித்தி மகள் கல்யாணம். டிக்கெட் எடுத்துவிட்டாயா? அரக்குப் பட்டுக்கு ரவிக்கை தைக்க வேண்டும். பழைய நோட்டைப் பார்த்து வெட்ட எனக்கு மனமில்லை, புதிதாக அளவு அனுப்பு. மார்பு, இடுப்பு, தோள், மேற்கை. மூச்சை உள்ளே இழுக்காமல், சாப்பிட்ட பிறகு அள. நாடாவுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். நீ எந்த அளவை எழுதினாலும் உள்தையலில் இரண்டு அங்குலம் துணி விட்டுத்தான் வெட்டுவேன்.

அன்புடன்,
அம்மா